உள்ளே விட்ட துணி

இந்த மிஷின்ல இருக்கற கத்தியைக் கழட்டிப்போட்டு அடிக்க முடியாதுங்களா அம்மிணி? முடியாதா? அதெப்படி முடியாமப் போகும், மனுசன் மாட்டின கத்திதானே அது. எங்கூர்ல, கோபியில, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒருத்தன் ஓவர்லாக் மிஷின் வெச்சிருக்கான். அவனும் இதையேதான் சொன்னான். இந்த மிஷின் தைக்கும்போதே ஓரத்தை வெட்டிக்கிட்டேதான் போகுமாம். அவன்கிட்ட நல்லா நாலு வார்த்தை கேட்டுப்போட்டுத் துணியைப் புடுங்கிட்டு வந்துட்டேன். திருப்பூர்ல நாலும் தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னு பஸ் ஏறி வந்தா, நீங்களும் அதையே சொல்றீங்க.

சரி, முதல்ல உங்க கையில இருக்கற துணிக் கட்டை முடிங்க. கம்பெனி வேலையா? முடிங்க, முடிங்க. நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். நான் அடுத்த வீதிக்குத்தான் போகணும். என்ற மருமகளோட பொறந்த வீடு அங்கதான் இருக்குது. அவளைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்திருக்கேன். இந்த டாப்பை ஒழுங்கா முடிச்சு எடுத்துட்டுப் போய்க் கையில குடுத்தா ஒருவேளை வருவாளாம். என்ற பையன் சொல்றான். ஒருவேளையாம்.

ஒரு பனியன் துணி டாப்புக்காக ஒருத்தி புருசன் வீட்டை விட்டுட்டுப் போவாளாங்க? நீங்களே சொல்லுங்க. குடிகாரன்கிட்ட அடி வாங்கிட்டுப் போறவ இருக்கா. மாமியாகாரி சோறு போடலைன்னு போறவ இருக்கா. எங்கூட்டுல அப்படி ஏதாச்சும் உண்டா? காலையில எந்திரிச்சதும் காபி போட்டு நானே கையில குடுக்கறேன். இவ துணி சரியில்லைன்னு போயிட்டா. யார்கிட்டச் சொன்னாலும் வாயால சிரிக்க மாட்டாங்க.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. கோபியில வந்து துளசிமணி டெய்லர் வீடு எதுன்னு கேளுங்க, எந்த ஆட்டோக்காரனும் நேரா வாசல்ல கொண்டாந்து விடுவான். ஜாக்கெட்டுன்னா நான்தான். டீச்சருங்க, நர்ஸம்மாருங்க, கல்யாணப் பொண்ணுங்க, எல்லாரும் எங்கிட்டத்தான் வருவாங்க. எதுக்கு வர்றாங்கன்னு நினைக்கறீங்க? கழுத்து டிசைனுக்கா? டிசைன் இன்னிக்கு எல்லாரும் போனைப் பாத்துப் போடறாங்க. நான் உள்ளே துணி விடுவேன். ரெண்டு பக்கமும் ஒண்ணரை இஞ்ச் தாராளமா விட்டுத்தான் வெட்டுவேன். கல்யாணத்துக்குத் தைச்ச ஜாக்கெட்டை ரெண்டு புள்ளை பெத்தவளும் பிரிச்சு விட்டுப் போட்டுக்கலாம். பொம்பளை உடம்பு இன்னிக்கு இருக்கறாப்பலயே நாளைக்கும் இருக்குமா? இன்னிக்கு அளவுக்கு மட்டும் வெட்டறவ டெய்லரே கிடையாதுங்க. அவ துணிக்கு துரோகம் பண்றவ.

ஆங், மிஷின் ஓடட்டும். எனக்குச் சத்தம் பழகினதுதான். நான் கொஞ்சம் உரக்கப் பேசிக்கறேன்.

மருமக பேரு கோகிலவாணி. வாணின்னு கூப்பிடுவோம். இதே ஊர்ல ஒரு பெரிய கம்பெனியில சேம்பிள் செக்ஷன்ல, தைச்சு வர்ற துணியைச் செக் பண்ணிக்கிட்டு இருந்தவ. கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுட்டா. நாங்க விடச் சொல்லலைங்க. தினமும் கோபிக்கும் திருப்பூருக்கும் பஸ்ல ஆடிக்கிட்டே போயிட்டு வந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவளேதான் விட்டா.

அவ கூட வேலை பாத்தவ யாரோ ஒருத்தி ஒரு கவரு குடுத்துவிட்டிருக்கா. மேல ஒரு வெள்ளைக்காரி படம். உடம்போட ஒட்டினாப்பல ஒரு டாப்பு, முக்கால் கை, இடுப்புல கையை வெச்சுக்கிட்டுச் சிரிக்கறா. உள்ளே என்னமோ பெரிய ரகசியமாட்ட மடிச்சு வெச்ச டிஷ்யூ பேப்பரு. ஊதினாப் பறந்துரும். அதுல ஒரே இடத்துல ஏழெட்டு அளவுக்குக் கோடு போட்டு வெச்சிருக்கான். ஒண்ணு நேர்கோடு, ஒண்ணு புள்ளிக்கோடு, ஒண்ணு கோடும் புள்ளியும். நம்ம அளவுக்கு எது கோடோ அதைத் தேடிப் புடிச்சு வெட்டிக்கணுமாம். தைக்கறவளுக்கு அளவெடுக்கத் தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் இதையெல்லாம் விக்கறாங்க. நான் இத்தனை வருசமா ஒரு பேப்பரை வெச்சு வெட்டினதில்லை. அளவு ஜாக்கெட்டைக் கையில குடுத்தாப் போதும், தடவிப் பாத்தே வெட்டிருவேன்.

ஆனாலும் மருமக ஆசையாக் கொண்டாந்தாளேன்னு வாங்கிப் பாத்தேன். கவருக்குப் பின்னாடி ஒரு கட்டம் போட்டிருக்கான். உடம்பு முப்பத்திநாலாம். தைச்சு முடிச்ச துணி முப்பத்திரெண்டாம். நான் கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி பாக்கறேன். அதேதான் போட்டிருக்குது. உடம்பை விடச் சின்னதா உடுப்பு தைக்கற ஊரு எங்கயாச்சும் இருக்குதாங்க? உடம்பு முப்பத்திநாலுன்னா முப்பத்தெட்டாச்சும் தைக்கணும், மூச்சு விட வேண்டாமா? அச்சடிச்சவன் தப்பா அடிச்சுட்டான்னு சொன்னேன். அவ சிரிக்கறா. "இல்லைங்க அத்தை, இது இழுபடற துணி. போட்டா அதுவா இழுத்துக்கும். அதனால கம்மியாத்தான் வெட்டணும்"ங்கறா.

எனக்குச் சொல்லித் தர்றா பாருங்க. எனக்கு.

நீங்களும் தலையை ஆட்டறீங்க. ஆட்டுங்க. உங்களுக்கு பனியன் துணிதான் தெரியும். நீங்க போட்டிருக்கறதுகூட அந்தத் துணிதானே? உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது, கோவிச்சுக்காதீங்க. ஆனா எங்க வீட்டுல பனியன்னா ஆம்பளைங்க உள்ளே போடறது. அதுல பொம்பளை டாப்பு தைக்கறதே எனக்கு முதல்ல புடிக்கலை.

துணியும் அவளே வாங்கிட்டு வந்திருந்தா. நல்ல துணிதான், அதைச் சொல்லணும். கத்திரிக்காய்க் கலரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஹால்ல பாயை விரிச்சு, துணியை விரிச்சு, பேப்பரை அவ அளவுக்கு வெட்டி மேல வெச்சு, குண்டூசி குத்தி வெச்சுட்டா. ஒரு நாளும் இல்லாத முகமா இருந்துச்சு அன்னிக்கு. என்னமோ முணுமுணுன்னு பாடிக்கிட்டுகூட இருந்தா. அப்புறம் "அத்தை, உங்க கத்தரியைக் கொஞ்சம் தர்றீங்களா?"ன்னு கேக்கறா.

என்ற கத்தரியை நான் யார்கிட்டயும் குடுக்க மாட்டேங்க. என்ற பையன் ஒருக்கா பால் பாக்கெட்டை அதுல வெட்டிட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான். நீ போய்க் குளிச்சுட்டு வா, நான் வெட்டி வெக்கறேன்னு சொன்னேன். "பேப்பர் ஓரத்துலயே வெட்டிருங்க அத்தை, எதுவும் விட வேண்டாம், அதுல தையலுக்கு விட்டிருக்காங்க"ன்னா. சரி சரின்னேன். "எதுவும் விட வேண்டாங்க அத்தை"ன்னு மறுபடியும் சொல்லிப்போட்டுத்தான் பாத்ரூம் போனா.

பேப்பர்ல எவ்வளவு விட்டிருக்கான்னு பாத்தேன். கால் இஞ்ச்சு. கால் இஞ்ச்சை வெச்சுக்கிட்டு யார் என்ன பண்றது? எறும்புக்கா பிரிச்சு விடறது? இவன் அறிவுகெட்டவன், நம்ம புள்ளையும் ஏமாந்து நிக்குதேன்னு நினைச்சேன். அவளோட கல்யாணத்து அளவு ஜாக்கெட் எங்கிட்ட இருக்குது. அதை எடுத்து வெச்சு, பேப்பருக்கு வெளியில சாக்பீஸ்ல கோடு போட்டு, அதுக்கும் வெளியில ஒண்ணரை இஞ்ச் விட்டு வெட்டினேன். அவ தலையைத் துவட்டிக்கிட்டு வந்து பாத்தா. ஒண்ணும் பேசலை. அதுதாங்க எனக்கு ஆத்திரம். ஏன் இப்படி வெட்டினீங்கன்னு கத்தியிருந்தா நானும் நாலு கத்தியிருப்பேன், முடிஞ்சு போயிருக்கும். கீழ விழுந்த குண்டூசியெல்லாம் பொறுக்கி டப்பாவுல போட்டுட்டு உள்ளே போயிட்டா.

நூல் அறுந்துருச்சு பாருங்க. மாட்டுங்க. நான் அதுவரைக்கும் வாயை மூடிக்கறேன்.

மாட்டிட்டீங்களா? அன்னிக்கே உக்காந்து தைச்சேன். கழுத்துக்கு உள்பக்கம் கான்வாஸ் வெச்சு நல்லா அழுத்தமா அடிச்சேன், இல்லைன்னா பனியன் துணி தொளதொளன்னு நிக்கும்ல. தைச்சு முடிச்சுப் பாத்தா அவ தலை உள்ளே போகலை. பேப்பர்க்காரன் வெச்ச கழுத்து அப்படி. நான் என்ன பண்ணட்டும்? பின்பக்கம் நடுவுல வெட்டி ஹூக்கு வெச்சேன். இப்ப சிரிக்கறீங்க. ஹூக்கு வெச்சா என்னங்க தப்பு? ஹூக்கு வரிசையைப் பாத்திருந்தீங்கன்னா நீங்களே கையெடுத்துக் கும்புட்டிருப்பீங்க.

போட்டுக்கிட்டு வந்து பீரோக் கண்ணாடி முன்னாடி நின்னா. கொஞ்சம் பெருசாத்தான் இருந்துச்சு. சரி, ரொம்பவே பெருசா இருந்துச்சு. அந்தத் துணி இப்படித் தொங்கும்னு நான் கண்டனா? தோள் முழங்கைகிட்ட இறங்கிருச்சு. சைடுல ஒரு பிடித் துணியைக் கையில புடிச்சு இப்படித் தள்ளி இழுத்தா. புடிச்சுக்கிட்டே கண்ணாடியில என்னைப் பாத்தா.

"இவ்வளவு இடம் யாருக்குங்க அத்தை?"ன்னு கேட்டா.

யாருக்கு? உனக்குத்தான் கண்ணு, நாளைக்கு ஆகுமில்லன்னு சொன்னேன். தப்பா?

"நாளைக்கு இல்லைங்க அத்தை. நான் இன்னிக்குப் போட்டுக்கத்தான் கேட்டேன்." அவ்வளவுதான் சொன்னா. மறுநாள் காலையில, அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு ஒரு பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டா. நானும் ரெண்டு நாள்ல வந்துருவான்னுதான் இருந்தேன். வரவே இல்லை. போன் பண்ணினா சம்மந்தியம்மா எடுக்கறாங்க. "புள்ளை இப்பத்தாங்க சாப்பிட்டுப் படுத்திருக்குது"ங்கறாங்க. எப்பப் பண்ணினாலும் இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்திருக்கும். அப்ப எங்கூட்டுல சாப்பிடாம, தூங்காமக் கிடந்தாளா? அதைத்தானே அந்தம்மா எனக்குச் சொல்லிக் காட்டுது?

என்ற பையன் நவநீதன் இருக்கானே, அவன் பொண்டாட்டியைப் போய்க் கூப்பிடுவான்னு பாத்தா, சனி ஞாயிறு அவனும் அங்கயே போய் இருந்துக்கறான். திரும்பி வந்து எங்கிட்டச் சண்டைக்கு நிக்கறான். "அவளோட ஜாக்கெட், சுடிதாரெல்லாம் நீ ஏம்மா மறுபடி அவ அளவுக்குப் புடிச்சுத் தரலை?"ங்கறான். அவனுக்குத் தையல்ல என்ன தெரியும், சொல்லுங்க.

அது வேற கதை. சரி, சொல்றேன். நீங்களும் பொம்பளைதானே.

போன வருசம் அவளுக்கு நாள் தள்ளி நின்னுச்சுங்க. கல்யாணமாகி ரெண்டு வருசமா எல்லாரும் கேட்டுக்கேட்டு என்ற காது புளிச்சுப் போயிருந்தது. ஜாக்கெட் தைக்க வர்றவளுக, துணியைக் குடுக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் கேப்பாளுக. ஒரு நாள் காலையில வாணி வந்து காதுகிட்டச் சொன்னா. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. குழந்தைக்கு முன்கூட்டியே ஒண்ணும் தைக்கக் கூடாதில்லீங்களா, பொறந்து வந்தப்புறம்தான் தைக்கணும். ஒரு குட்டிச் சட்டைக்குக்கூட கத்தரியை எடுக்கக் கூடாது. ஆனா சும்மா இருக்க முடியுமா என்னால? அவ பீரோவைத் திறந்து, அவளுக்கு நான் தைச்ச அத்தனை ஜாக்கெட்டையும், அத்தனை சுடிதாரையும் எடுத்து மிஷின் மேல குவிச்சேன். சைடுத் தையலை ஒண்ணொண்ணாப் பிரிச்சேன். உள்ளே விட்டிருந்த துணியெல்லாம் வெளியில வந்துச்சு, சாயம் போகாமப் புதுசாட்ட. அடுத்த கோட்டுல தைச்சு வெச்சேன். அன்னிக்குக் கஸ்டமர் துணி ஒண்ணுகூடத் தொடலை. அப்படி ஒரு சந்தோசத்துல நான் என்னிக்கும் தைச்சதில்லை. வாணி பக்கத்துல உக்காந்து பிரிச்ச நூலைப் பொறுக்கிக் குடுத்தா. "இவ்வளவு பெருசாவனா அத்தை நானு?"ன்னு கேட்டுச் சிரிச்சா.

அப்புறம் நாலாவது மாசம் கலைஞ்சு போச்சு.

ஒண்ணுமில்லீங்க, நீங்க வேலையைப் பாருங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான். எனக்கும் நவநீதனுக்கு முன்னாடி ஒண்ணு போயிருக்குது. அடுத்த மாசமே கதிர் அறுக்கப் போனேன். யாரும் எனக்கு வெசனப்படலை.

ஜாக்கெட்டுக் கதைக்கு வர்றேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்து கொஞ்ச நாள் கழிச்சு, "அத்தை, எல்லாம் தொளதொளன்னு இருக்குதுங்க, பழையபடி புடிச்சுக் குடுங்க"ன்னா. புடிக்கறதுக்கு எவ்வளவு நேரமாகும் எனக்கு? ஒரு மத்தியானம். ஆனா எதுக்குப் புடிக்கணும்? அடுத்த மாசமே மறுபடி நின்னுச்சுன்னா மறுபடி பிரிக்கணும். ஒரே இடத்துல பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சா துணி நைஞ்சு போயிரும். இருக்கட்டும் கண்ணு, எப்படியும் வேணுமில்லன்னேன். அதுல என்னங்க குத்தம்? நல்ல வார்த்தைதானே சொன்னேன்?

அவ மறுபடியும் ஒருக்கா கேட்டா. அப்புறம் கேக்கலை. ஒரு நாள் பாத்தா, ஒரு பச்சை ஜாக்கெட்டை அவளே கைத்தையல்ல புடிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கறா. கோணக்கோணையா, எட்டுக்கால் பூச்சி ஓடினாப்பல. துளசிமணி டெய்லர் மருமக இப்படிப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்கு வந்தா நாலு பேர் யாரைச் சிரிப்பாங்க? அது துவைக்க வந்தப்ப அந்தத் தையலைப் பிரிச்சுப் போட்டுட்டேன். ஆமாங்க, பிரிச்சுட்டேன். மறுபடி பெரிய கோட்டுக்கே விட்டுட்டேன். அப்புறம் அந்த ஜாக்கெட்டை அவ போட்டே நான் பாக்கலை. வீட்டுல நைட்டிதான். வெளியில போனா சால்வையாட்ட துப்பட்டாவைச் சுத்திக்குவா. இளைச்சும் போயிட்டா, அதையும் சொல்லணும். ஆனா திங்கறதுக்கு இல்லாமயா இளைச்சா? குழம்பு வெச்சாத் தட்டுல அப்படியே இருக்கும். ஊட்டியா விட முடியும்?

என்ன கேக்கறீங்க? மிஷினை நிறுத்திட்டுக் கேளுங்க, காதுல விழலை.

நானும் அவளும் அதைப் பத்திப் பேசினமான்னா? எதைப் பத்தி? பேச என்னங்க இருக்குது அதுல? அவ முன்னாடி நான் அழுதா, அவ இன்னும் உடைஞ்சு போயிருவா. அதனால அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் மிஷின்ல உக்காந்துட்டேன். யாரோ ஒரு டீச்சரோட ஜாக்கெட்டு. அழுதுக்கிட்டேதான் தைச்சேன், மிஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? அவ ரூம்ல படுத்திருந்தா. அவளுக்குப் போனது எனக்குப் போகலையா? எங்கூட்டுக்காரர் போயிச் சேர்ந்தப்புறம் அந்த வீட்டுல எனக்குன்னு வர இருந்தது அது ஒண்ணுதான். அதை எங்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா? சம்மந்தியம்மா வந்தாங்க, மகளைக் கட்டிப்புடிச்சு அழுதாங்க. எங்கிட்ட வந்து, "மிஷினைக் கொஞ்சம் நிறுத்துனா புள்ளை தூங்கும்"னாங்க.

நிறுத்தினேன். என்ன பண்றது.

அவளுக்கு அது தெரியுமான்னா? நான் அழுதது அவளுக்கு எப்படித் தெரியும், நான்தான் சொல்லவே இல்லையே. சொல்லித்தான் தெரியணுமா? அவளுக்கு என்ன தோணியிருக்கும்னா கேக்கறீங்க? நல்லாக் கேக்கறீங்க போங்க. கிழவிக்கு ஒரு துக்கமும் இல்லை, கஸ்டமர் ஜாக்கெட்டுத் தைக்கறான்னு நினைச்சிருப்பாளோ என்னமோ. நினைச்சா நினைச்சுக்கட்டும். நான்...

நீங்க சின்ன வயசுக்காரி அம்மிணி, ரொம்பக் கேக்கறீங்க.

அந்தக் கட்டு முடிஞ்சுதா? சரி, இதைப் பாருங்க. இந்தத் தடவை ஒழுங்கா வெட்டியிருக்கேன். பழைய முன்பக்கத்தைப் பிரிச்சு, அயர்ன் பண்ணி, பேப்பரை வெச்சு அவ சொன்னாப்பல கழுத்து, தோளு, கையி எல்லாம் கோட்டு மேலயே வெட்டினேன். பின்பக்கம் மிச்சத் துணியில வெட்டினது. கான்வாஸ் இல்லை. ஹூக்கு இல்லை. கழுத்தை ஜிக்ஜாக்ல அடிச்சேன், இழுத்துப் பாருங்க, இழுபடுதா? எனக்கும் வரும்ங்க, வராம என்ன. தோளு சேத்தாச்சு, கை சேத்தாச்சு. சைடு மட்டும்தான் பாக்கி, கை நுனியில இருந்து கீழ வரைக்கும். அது ஓவர்லாக்ல அடிச்சாத்தான் கம்பெனித் துணியாட்ட இருக்கும்னு கொண்டாந்தேன்.

ஆமா. சைடுல விட்டிருக்கேன். ஒண்ணரை இஞ்ச். சாக்பீஸ் கோடு போட்டிருக்கேன் பாருங்க, தையல் அந்தக் கோட்டுலதான் வரணும். அப்ப டாப்பு அவ அளவுக்கு உடம்போட நிக்கும். அவளுக்கு வேணுங்கறது அதுதானே? வெளியில இருந்து பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளே இருக்கறது யாரை என்ன பண்ணப் போகுது? அதுக்காகத்தான் வெட்டாம அடிங்கன்னு உங்ககிட்டக் கெஞ்சறேன்.

அவ உள்ளே திருப்பிப் பாப்பாளா? பாப்பாதான். சேம்பிள் செக்ஷன்ல இருந்தவ, எதைக் கையில குடுத்தாலும் முதல்ல உள்பக்கத்தைத்தான் திருப்புவா.

கோட்டு மேல உங்க மிஷினை விட்டா என்னாகும்? ஒரே ஓட்டத்துல சேத்துரும், வெட்டிரும், இல்ல? சுத்தமா இருக்குமா? வெள்ளைக்காரி போட்டிருக்கறாப்பல இருக்குமா?

வெட்டினப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. நீங்க சிரிக்கறீங்க. உங்களுக்கு அது வேஸ்ட் துணி, மூட்டை கட்டித் தூக்கிப் போடறீங்க. நான் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தி துணியிலயும் உள்ளே விட்டதை வெட்டினது கிடையாது. எனக்கு யார் மேல ஆத்திரம்னே தெரியலை. அந்தப் பேப்பர்க்காரன் மேலயா, சம்மந்தியம்மா மேலயா, உங்க மிஷின் மேலயா. ஒரு தடவை அவ வாயைத் திறந்து, அத்தை எனக்குப் பயமா இருக்குது, இப்ப வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா வெச்சிருப்பேன்? இடம் யாருக்குன்னு கேட்டா. யாருக்குன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே கேட்டுட்டா. அதுதான் எனக்குத் தூக்கமே வர்றதில்லை.

வெட்டுங்க.

வெட்டுங்கன்னு சொன்னேன். இடது பக்கம் முதல்ல. கோட்டு மேலயே விடுங்க. பாத்து. பாத்துங்க... ஐயோ, இவ்வளவு சீக்கிரமா போயிருமா இது? நான் சரியாக்கூடப் பாக்கலை. அதைக் கீழ போடாதீங்க, இங்க குடுங்க. எப்படிச் சுருண்டுக்குது பாருங்க கையில.

தையல் நல்லாத்தான் இருக்குது. சுத்தமா இருக்குது. அவளுக்குப் புடிக்கும்.

இருங்க, இருங்க, அந்தப் பக்கம் வேண்டாம். வலது பக்கத்துக்கு உள்ளே விட்டதை வெட்டாம, வெளி ஓரத்தை மட்டும் ஓட்டிக் குடுங்க. அந்த மூலையில ஜிக்ஜாக் மிஷின் நிக்குதில்ல, அதுல நானே உள்ளே கோட்டு மேல அடிச்சுக்கறேன். ஒரு பக்கம் அப்படியும் ஒரு பக்கம் இப்படியும் இருந்தா என்னங்க? போட்டா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். கேட்டா மிஷின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கறேன். இல்லை, சொல்ல மாட்டேன். அவ கேக்கட்டும், அப்பப் பாத்துக்கறேன். இடது பக்கம் அவ சொன்னபடி வெட்டியாச்சு. வலது பக்கம் எனக்கு இருந்துட்டுப் போகட்டும். ஓட்டுங்க அம்மிணி.